நாக்குக்காரி

வெள்ளாயிக்கு ஏழு வருடம் கிடைக்கும் என்று மூலிகைத் தரக் கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். அங்கயற்கண்ணி அதைக் கேட்டுக்கொண்டே புட்டிகளைக் கழுவினாள். அந்த ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

2043-ஆம் வருடம் அது. சர்க்கரை நோய் இல்லாத வீடு ஒன்று அகப்பட்டால் அதைச் சுற்றி வேலி போட்டு டிக்கெட் விற்கலாம் என்கிற காலம். சிறுகுறிஞ்சான் கொடியின் இலையில் இருக்கும் ஒரு பொருளை ஏழு வருடங்களுக்கு முன்பு அளந்து, தரம் பிரித்து, அரசு மருந்து என்று அறிவித்திருந்தார்கள். மருந்தகங்களுக்கு அது இரண்டு வழியில் வந்தது. கொல்லிமலைப் பெண்கள் சங்கம் காட்டில் பறித்து இடித்து அனுப்பிய பொடி ஒன்று. நறுவேர் என்ற கம்பெனி தன் தோட்டத்து இலையில் செய்த மாத்திரை இன்னொன்று. பொடிக்குத்தான் கூட்டம் அதிகம்.

போன மார்கழியில் பொடி வேலை செய்யாமல் போனது. ஆட்டையாம்பட்டிப் பக்கம் பதினோரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குப்பண்ணன் என்ற தறிக்காரர் இறந்துபோனார். பொடியும் அதற்கான இலையும் சேலத்தில் இருந்த மாநில மூலிகைத் தரக் கூடத்துக்கு வந்தன. பதினேழு வருடமாக அங்கே ஆய்வாளராக இருக்கும் அங்கயற்கண்ணி அவற்றைச் சாறு எடுத்து இயந்திரத்தில் ஏற்றினாள். செயல்திறன் பூஜ்யம் என்று வந்தது. ஒருமுறைக்கு நான்குமுறை ஏற்றிப் பார்த்தாள். நான்கு முறையும் பூஜ்யம்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. ஒன்று ‘தரம் உண்டு’. மற்றது ‘கலப்படம்’. அவள் இரண்டாவதில் குறி போட்டாள். மறுநாளே மலை ஏறிய போலீஸ், சங்கத் தலைவி வெள்ளாயியை இலை காய்ந்துகொண்டிருந்த களத்தில் வைத்தே பிடித்துக்கொண்டு வந்தது.

மரபணுச் சோதனை முடிவு ஒரு மாதம் கழித்து ஆற அமர வந்து சேர்ந்தது. அனுப்பியது அத்தனையும் சுத்தமான சிறுகுறிஞ்சான், வேறு ஒரு இலைகூடக் கலக்கவில்லை என்றது அது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் இயக்குநர் தணிகாசலத்தின் அறைக்கு ஓடினாள்.

“சார், இது கலப்படமே இல்ல. அசல் இலை.”

“அசல்னா ஏம்மா வேலை செய்யல?”

“அதுதான் எனக்கும் தெரியல. கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சு எங்க எழுதுவ? படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. மூணாவது கட்டம் போடணும்னா சட்டசபையைக் கூட்டணும்.” அவர் காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார். “ஃபைல்ல வெச்சிரு.”

“ஒரு பொம்பள ஜெயில்ல இருக்கா சார்.”

“ஒரு ஆள் செத்திருக்கான்மா. யாராவது ஒருத்தர் உள்ள இருந்துதானே ஆகணும்?”

இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த நிதானம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் எறிய வேண்டும் என்று கை துடித்தது. எறியவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்கள் சிறைக்குப் போனாள்.

வெள்ளாயிக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மலை ஏறி இறங்கி இறுகிய உடம்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதான் அந்த மிசினு மேடமா? வாங்க. எதக் கலந்தேன்னு கண்டுபுடிச்சீங்க? வேப்பலையா, கொய்யாலையா? எனக்கும் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.”

“எதையும் கலக்கலைன்னு தெரிஞ்சு போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“தெரிஞ்சு போச்சா?” வெள்ளாயி எழுந்து நின்றாள். “அப்பறம் என்ன மயித்துக்கு நான் இங்க குந்திக்கிட்டு இருக்கறேன்? கதவத் தொறக்கச் சொல்லு!”

காவலாளி ஓர் அதட்டல் போட்டாள். வெள்ளாயி அதைக் காதில் வாங்கவில்லை. “எம் பேத்தி பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கறா. ‘கொலகாரி பேத்தி’ன்னு சொல்றாங்களாம். முப்பது பொம்பளைங்க பறிச்ச எல நடு ரோட்டுல கொட்டிக் கெடக்குது. நீ ஒரு கோடு கிழிச்ச. ஒரே ஒரு கோடு!”

அங்கயற்கண்ணி திட்டு முழுவதையும் தலையைக் குனியாமல் வாங்கிக்கொண்டாள். குனிந்தால் தப்பிப்பது போலாகும் என்று பட்டது. வெள்ளாயிக்கு மூச்சு வாங்கி, தானாக உட்கார்ந்த பிறகு, மெல்லக் கேட்டாள்.

“நீங்க எப்பவும் இலையைச் சோதிச்சுப் பார்த்துத்தானே பறிப்பீங்க?”

“பின்ன? சித்திரையில பறிப்புத் தொடங்கறப்ப மொத எலய நாக்குக்காரி மெல்லணும். மென்னு துப்பிட்டா, நாக்குல தேனத் தொட்டு வெப்பாங்க. தேனு மண்ணாட்டம் இருந்தாத்தான் பறிப்பு. இனிச்சுதுன்னா அந்த வருசம் எல தொடக் கூடாது. இருவத்திரெண்டு வருசமா நாந்தான் நாக்குக்காரி.”

அது அங்கயற்கண்ணிக்குத் தெரிந்த விஷயம்தான். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் அரை மணி நேரத்துக்கு இனிப்பே தெரியாது. எந்த மருந்துப் பொருள் சர்க்கரையை அடக்குகிறதோ, அதன் கூட்டாளிதான் நாக்கையும் அடக்குகிறது. பாடப் புத்தகத்திலேயே இருந்தது. தரக் கூடத்தில் மட்டும், மாதிரிகளை வாயில் வைக்கக் கூடாது என்று பதினான்காம் விதி போட்டு வைத்திருந்தார்கள்.

“போன சித்திரையில தேன் எப்படி இருந்துச்சு?”

வெள்ளாயி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“இனிச்சுதுங்க,” என்றாள் கடைசியில். “தேனாட்டமே இனிச்சுது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எந் நாக்குத்தான் செத்துப் போச்சுன்னு நெனச்சேன். வயசாச்சு, என்னென்னமோ மாத்தர திங்கறேன், நாக்குப் போயிருச்சுன்னு. மனுச நாக்குக் கெடும். எல கெடும்னு எவளாச்சும் நெனப்பாளா? நாக்குப் போனவ முன்னால நடக்கக் கூடாது. வேற ஒருத்தி வந்துருவா. அந்த வெக்கத்துல, ‘மண்ணாட்டம் இருக்குது, பறிங்கடி’ன்னு சொல்லிப்புட்டேன்.” அவள் கண் கலங்கியது. அதையும் கோபமாகத்தான் துடைத்துக்கொண்டாள். “உங்க கோடு பொய்யி. ஆனா அந்தத் தறிக்காரன் பொண்டாட்டி மூஞ்சில நான் முழிக்க முடியாது. அது நெசம்.”

அங்கயற்கண்ணி எழுந்தபோது வெள்ளாயி கம்பி வழியாகக் கூப்பிட்டாள். “ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. எலயில ஓட்ட இருந்துச்சே, பாத்தீங்களா? நாங்க பறிக்கற உச்சிமலக் குறிஞ்சான்ல புழு வாய் வெச்சு என் ஆயுசுக்கும் நான் பாத்ததில்ல. போன வருசந்தான் சல்லட சல்லடயா அரிச்சுது. அதயும் பாத்துட்டுத்தான் கம்முனு இருந்தேன்.”

தரக் கூடத்துக்குத் திரும்பியதும் அங்கயற்கண்ணி, சோதனை மாதிரிகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளாயியின் இலைப் பையைப் பிரித்தாள். ஓட்டை ஓட்டையாக இருந்தது. மருந்துப் பொருள் இருக்கிற குறிஞ்சான் இலையைப் புழு தொடாது. நான்கு முறை சோதித்தபோதும் இது கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டிருந்தால் மனதில் ஏறவில்லை. இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கப் பழகிப் பல வருடம் ஆகியிருந்தது.

பதினான்காம் விதியை மனதுக்குள் நல்ல வார்த்தையில் திட்டிவிட்டு ஓர் இலையை மென்றாள். டீ போடுகிற இடத்திலிருந்து எடுத்து வந்த சர்க்கரையை நாக்கில் வைத்தாள். இனித்தது. கூசுகிற அளவுக்கு இனித்தது.

பிறகு மலையின் ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் வருடாவருடம் காப்புக்காக எடுத்து வைத்த இலைப் புட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். 2038-இல் ஓர் ஓட்டைகூட இல்லை. 39-இலும் இல்லை. 2040-இல் அடிவாரத்து இலைகளில் மட்டும் ஓட்டை. 41-இல் பாதி மலை வரை. 42-இல் உச்சி வரை. ஏதோ ஒன்று கீழேயிருந்து நிதானமாக மலை ஏறியிருக்கிறது. கீழே, ஓட்டை தொடங்கிய இடத்தில் இருந்தது நறுவேர் கம்பெனியின் தோட்டம்.

நறுவேரின் தலைமை விஞ்ஞானி தேவநேசன் அவளோடு கல்லூரியில் படித்தவன். அவளைக் கயல் என்று கூப்பிடுகிறவன் இப்போது அவன் ஒருவன்தான். தோட்டத்து வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனான். பந்தல் பந்தலாகச் சிறுகுறிஞ்சான், ஓர் இலையில்கூடப் பொத்தல் கிடையாது. நடந்தால் இலைக்கு அடியிலிருந்து வெள்ளை ஈக்கள் பொடி பறப்பது போலக் கிளம்பின.

“இவ்வளவு ஈ இருக்கே, மருந்து அடிக்கலையா?”

“எதுக்கு அடிக்கணும்? அதுங்கதான் எங்க பூட்டைத் தூக்கிட்டுப் போற ஆளுங்க,” என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

“என்ன பூட்டு?”

“மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல கயல், எல்லாம் அரசாங்கத்துல பதிஞ்சதுதான். எங்க இலையில திறன் அதிகம். ராத்திரிக்கு ராத்திரி கிள்ளிட்டுப் போய் வேற இடத்துல நட்டுருவாங்க. அதுக்காக ஒரு வைரஸ் செஞ்சோம். செடிக்கு ஒண்ணும் ஆகாது, இன்னும் நல்லாக்கூட வளரும். மருந்துப் பொருளைச் செய்யற அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்திரும். அது பூட்டு. நாங்க மாசத்துக்கு ஒரு தடவை ஒரு தண்ணி தெளிப்போம். தெளிச்சா வேலை மறுபடி ஆரம்பிக்கும். அது சாவி. திருடிட்டுப் போனா செடி கிடைக்கும், சாவி கிடைக்காது.”

“ஈ வேலியைத் தாண்டிப் போகாதா?”

“போகும்.”

“காட்டுக் கொடியில உட்காராதா?”

“உட்காரும்.”

“தெரிஞ்சே விட்டீங்களா?” அவள் குரல் உயர்ந்தது. “அங்க மலையில ஒரு கொடியிலகூட மருந்து இல்லடா! ஒரு ஆள் செத்துட்டான். ஒருத்தி ஜெயில்ல இருக்கா!”

“நாங்க தெரியாம விடல, சொல்லிட்டு விட்டோம். ‘சுற்றுப்புறக் கொடிகளுக்குப் பரவலாம்’னு விண்ணப்பத்துல ஒன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கு. 2039-ல உங்க தரக் கூடம்தான் ஆட்சேபணை இல்லைன்னு சீல் போட்டுச்சு. கலப்படம்னு எழுதினதும் நாங்க இல்ல, நீ.”

செருப்பால் அடித்தது போல இருந்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் இன்னும் மோசம். போன் வந்து அவன் அந்தப் பக்கம் திரும்பியபோது அவள் கைக்கு எட்டிய கொடியில் நான்கு கணு நீளத்துக்கு முறித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு குண்டூசி திருடியதில்லை. இப்போது துளிகூடக் கூச்சமாக இல்லை.

அந்தத் தண்டைத் தன் வீட்டுப் பால்கனியில் தொட்டியில் நட்டாள். நாற்பது நாளில் துளிர்த்து இலை விட்டது. சாவித் தண்ணீர் தெளிக்காமல் வந்த இலை. மென்று பார்த்தாள், சர்க்கரை இனித்தது.

வழக்கு நாமக்கல் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. அவள் அரசுத் தரப்புச் சாட்சி. கூண்டில் ஏறியதும், “என் அறிக்கை தப்பு” என்றாள். அரசு வக்கீல் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பின்வரிசையில் இருந்த தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“எது தப்பு? இயந்திரமா?” என்று கேட்டார் நீதிபதி. நரைத்த தலையும் கறாரான குரலும் உள்ள அம்மாள்.

“இயந்திரம் சரி, அம்மா. படிவம் தப்பு. இலை அசல், ஆனா உள்ள மருந்து இல்ல. அதை எழுத அதுல கட்டம் இல்ல. நான் சொல்றதை நம்ப வேணாம். நீங்களே மென்னு பாருங்க.”

சலசலப்பு எழுந்தது. ஆட்சேபணை எழுந்தது. நீதிபதி இரண்டையும் கையமர்த்திவிட்டு, “என்ன மெல்லணும்?” என்றார்.

அவள் மூன்று இலைகளைக் கொண்டுவந்திருந்தாள். வரிசை முக்கியம் என்பதால் வீட்டிலேயே பலமுறை ஒத்திகை பார்த்திருந்தாள். முதலில் வெள்ளாயியின் மலை இலை. நீதிபதி மென்று துப்பி, சர்க்கரையை வாயில் போட்டு, “இனிக்குது” என்றார். அடுத்தது பால்கனித் தொட்டியில் வளர்ந்த கம்பெனி இலை. “இதுவும் இனிக்குது.” மூன்றாவது, தரக் கூடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நறுவேர் அனுப்பி வைத்த, சாவித் தண்ணீர் தெளித்த இலை. சர்க்கரையை வாயில் போட்ட நீதிபதியின் முகம் கோணியது. “மணலை வாயில போட்ட மாதிரி இருக்கு.”

கூண்டுக்கு எதிரே நின்றிருந்த வெள்ளாயி, “ஐயோ, எந் நாக்கு கெடலயே!” என்று வாய்விட்டுக் கத்தினாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அதன் பிறகு அங்கயற்கண்ணி பூட்டையும் சாவியையும் வெள்ளை ஈயையும் ஒன்பதாம் பக்கத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு மலையையே பூட்டிவிட்டு மலைக்காரியைக் கலப்படக்காரி என்று உள்ளே தள்ளியிருக்கிறோம் என்றாள்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. வெள்ளாயி குற்றமற்றவள், உடனே விடுதலை. அங்கயற்கண்ணி போகலாம் என்று எழுந்தாள். நீதிபதி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

காட்டுச் சிறுகுறிஞ்சானில் மருந்துத் திறன் இல்லை என்று அரசு ஆய்வாளரே ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருக்கிறார். ஆகவே அது மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அதை மருந்தென்று இனி யாரும் பறிக்கவோ விற்கவோ கூடாது. நறுவேர் முறைப்படி அனுமதி பெற்றே செயல்பட்டிருப்பதால் அதன்மேல் குற்றம் காண இயலாது. மலையில் எங்கேனும் திறன் எஞ்சிய கொடி இருந்தால், தன் பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு நறுவேர் அதை வேரோடு எடுத்துக்கொள்ளலாம். அதற்காக மலை முழுவதும் எடுக்கும் கணக்கெடுப்பின் இலைகளைத் தரக் கூடம் சோதித்துத் தரும்.

அவள் அறையை விட்டு வெளியேறினாள். வராந்தாவில் தேவநேசன் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

“ரொம்பத் தெளிவா சொன்ன கயல். எங்க வக்கீல் சொல்லியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.”

அவள் கையைத் தொடவில்லை. “உன் தோட்டத்துல திருடினேன். கேஸ் போடு.”

“நீ முறிக்கட்டும்னுதான் நான் திரும்பி நின்னேன். போன்ல யாரும் இல்ல.”

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். உண்மையைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக நேராகும் என்று நாற்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்த தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அவள் கொண்டுபோய்க் கொடுத்த உண்மையை வாங்கித்தான் மலையின் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள்.

வெளியே வெள்ளாயி கையில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தாள். “என்னய வெளிய உட்டுட்டாங்க, மலய உள்ள வெச்சுட்டாங்க,” என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தரக் கூடத்தில் அங்கயற்கண்ணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அவள் சாட்சி செல்லாது என்று யாராவது கிளம்புவார்களாம். கணக்கெடுப்பையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். ஐப்பசியில் நறுவேர் ஆட்கள் மலை முழுவதும் ஏறி இறங்கி நூற்று நாற்பது பைகளில் இலை கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொரு பையிலும் பறித்த இடத்தின் குறியீடு அச்சாகியிருந்தது. காட்டைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று வெள்ளாயியையே கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். சாட்சியாக விரல் ரேகை வைக்க அவளும் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க கூலிக்கு எப்படிம்மா போனீங்க?” என்று அங்கயற்கண்ணி கேட்டதற்கு, “நான் போவலன்னா வேறொருத்தி போவா. அவளுக்கு எங்க கூட்டிக்கிட்டுப் போவக் கூடாதுன்னு தெரியாது,” என்றாள் வெள்ளாயி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இருந்தும் அந்தப் பயலுவ ஒரு எடத்துல எனக்கு முன்னால ஓடிட்டானுவ.”

அங்கயற்கண்ணிக்கு அப்போது அதன் பொருள் புரியவில்லை. காலை முழுவதும் பை பையாகப் பிரித்தாள். எல்லாம் சல்லடை இலை. எல்லாவற்றுக்கும் இயந்திரம் பூஜ்யம் என்றது. பதினோரு மணிக்கு நூற்றுப் பதினெட்டாம் பையைப் பிரித்தாள். இலைகளை வெள்ளைத் தட்டில் பரப்பிவிட்டு அப்படியே நின்றாள்.

ஓர் ஓட்டைகூட இல்லை.

கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவநேசன் தன் ஆள் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு முதுகைக் காட்டி நின்று ஓர் இலையை வாயில் போட்டு மென்றாள். கசப்பு ஏறியது. டிராயரில் பொட்டலமாக வைத்திருந்த சர்க்கரையைக் கொட்டிக்கொண்டாள்.

மணல்! நறநறவென்று வெறும் மணல்!

பூட்டு ஏறாத கொடி. ஈ உட்கார்ந்தும், வைரஸ் இறங்கியும், பணியாத ஒரு கொடி அந்த மலையில் எங்கேயோ ஒரு பாறை இடுக்கில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு தண்டை ஒடித்து நட்டால் அதுவும் பணியாது. நட்டுக்கொண்டே போனால் நாலைந்து வருடத்தில் மலை முழுக்க ஏறிவிடும். இவள் ‘உண்டு’ என்று ஓர் எண்ணை எழுதினால் போதும், நாளைக் காலையில் நறுவேர் ஆட்கள் அந்தக் குறியீட்டைப் பார்த்துப் போய் வேரோடு பிடுங்கிவிடுவார்கள். தீர்ப்பில் அதற்கும் இடம் இருக்கிறது.

இயந்திரத்தை ஏமாற்ற முடியாது. அது கொடுத்ததை அளக்கும், கொடுக்காததை அளக்காது. அங்கயற்கண்ணி நூற்றுப் பதினேழாம் பையிலிருந்து ஒரு கைப்பிடி சல்லடை இலையை எடுத்தாள். நூற்றுப் பதினெட்டின் புட்டியில் போட்டாள். சாறு எடுத்தாள். ஏற்றினாள். எதைச் செய்ததாக வெள்ளாயியை உள்ளே தள்ளினாளோ, அதை இப்போது அவளே செய்தாள். அந்த ஓட்டையில்லாத இலைகளை விதிப்படி அமிலத் தொட்டியில் கொட்டிக் கரைத்தாள்.

தேவநேசன் உள்ளே வந்தான். கூடவே வெள்ளாயி. பின்னால் டீ வந்தது. ஆளுக்கொரு கப் எடுத்துக்கொண்டார்கள்.

“நூத்திப் பதினெட்டு என்ன ஆச்சு? எங்க பசங்க அதைப் பத்தி ரொம்பச் சொன்னாங்க. இலை பளபளன்னு இருந்துச்சாம்.”

“பளபளப்புல என்ன இருக்கு? இயந்திரம் என்ன சொல்லுதுன்னு நீயே பாரு.”

அவன் குனிந்து எண்ணைப் பார்த்தான். பூஜ்யம். உதட்டைப் பிதுக்கிவிட்டு டீயை ஒரு வாய் உறிஞ்சி, “அப்பா, என்ன இனிப்பு! சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கான்,” என்றான்.

அங்கயற்கண்ணி குடித்தாள். சாயத் தண்ணீரைச் சுட வைத்துக் கொடுத்தது போலத் துவர்த்தது. முகம் ஒரு கணம் கோணி, உடனே நேரானது. அந்த ஒரு கணத்தை வெள்ளாயி பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு சித்திரைகள் தன் முகம் அப்படிக் கோணுவதைத்தான் முப்பது பெண்கள் சுற்றி நின்று பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

“ஆமா, ரொம்ப இனிப்பு,” என்றாள் அங்கயற்கண்ணி.

படிவம் இப்போது திருத்தப்பட்டிருந்தது. வழக்குக்குப் பிறகு அவள் கேட்ட மூன்றாவது கட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். ‘இலை உண்மை, செயல்திறன் இல்லை’. நூற்றுப் பதினெட்டுக்கு நேராக அதில் குறி போட்டு, கையெழுத்திட்டு, ரேகைக் கருவியை வெள்ளாயியின் பக்கம் தள்ளினாள்.

“படிச்சுக் காட்டணுமா?” என்றான் தேவநேசன்.

“வேணாஞ் சாமி. மேடம் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றாள் வெள்ளாயி. டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கப்பை வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்தாள். பிறகு அந்த ‘இல்லை’க்குச் சாட்சியாகக் கட்டைவிரலைக் கருவியில் வைத்து, நன்றாக அழுத்தினாள்.